ஆறு இன்னும் வடியவில்லை

சரவணா,

வியாழக்கிழமை போனில் நீ கேட்டதை நான் செய்யப்போவதில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். "பாக்குறேன்ய்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பாக்குறேன் என்றால் மாட்டேன் என்று பொருள் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும். உனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ நம்பிக்கையோடு போனை வைத்திருப்பாய் என்று நினைக்க நினைக்க மூன்று நாளாகக் கை வேலையில் நிற்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ ஏதாவது கேட்பாய், நான் பதில் சொல்லுகிறேன் என்று திரும்பவும் ஒரு பொய்க்குள் போய்விடுவேன். அதனால்தான் பரீட்சைத் தாள் கட்டிலிருந்து நாலு வெள்ளைத் தாளை உருவி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "யம்மா, நீ சொன்னாத்தான் கயலு கேப்பா. ரெண்டு வருசம் அந்த எத்தியோப்பியாவுல கெடந்து நீ பட்டதச் சொல்லு. அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு அழுதேன்னு சொன்னியே, அதச் சொல்லு. அவ தானா விட்ருவா." தையில் உனக்கும் கயலுக்கும் கல்யாணம், பங்குனியில் அவள் நெதர்லாந்துக்குப் போய் இரண்டு வருடம் வாழை நோய் பற்றி ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது, நீ அவளை நேராகத் தடுக்கவும் மாட்டாய், போகவிடவும் மனசில்லை. இடையில் என்னை நிறுத்தப் பார்க்கிறாய். குற்றம் சொல்லவில்லை. நீ நிறுத்தப் பார்க்கும் அந்த அம்மா, அழுதுகொண்டே இரண்டு வருடம் தள்ளிய அம்மா, நானே செய்து கொடுத்தவள். அவளை இந்தக் கடிதத்தில் கலைத்துவிடவேண்டும்.

நீ போன் செய்த மறுநாளே கயல் வீட்டுக்கு வந்தாள். நீ என்னிடம் பேசியது அவளுக்குத் தெரியாது. தேவதானப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, கையில் செவ்வாழைச் சீப்போடு, வெயிலில் முகம் சிவந்து வந்து நின்றாள். அப்பா திராட்சைப் பந்தலில் இருந்தார்கள். நான் அடுக்களையில் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வீட்டைப் பற்றி, அவள் அப்பாவின் சர்க்கரை வியாதி பற்றிப் பேசினாள். பிறகு, "அத்தை, ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள். கேள் என்றேன். "நீங்க அங்கன சந்தோசமா இருந்தீகளா?"

நான் திரும்பி வந்து மூன்று வருடமாகிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பஞ்சம் இருந்ததா, சண்டை நடந்ததா, சிங்கத்தைப் பார்த்தாயா, பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. நீ கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை, நான்கூட என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கத்தி பீன்ஸில் பாதியில் நின்றது. "இருந்தேன்" என்றேன். "ரொம்பவா?" "ரொம்ப." அவள் மிச்சமிருந்த பீன்ஸைத் தன் பக்கம் இழுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்லிவிட்ட பிறகு உன்னிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

நான் அங்கே போனதற்குச் சொன்ன காரணம் பொய் இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் படிக்கப் போன காலம். நான் பாடம் நடத்திய கல்லூரியில் வேதியியலுக்குச் சேர ஆள் இல்லை, துறையையே மூடினார்கள். நாற்பத்தாறு வயதில் சோதனைக் குழாய்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். காலையில் அப்பா பந்தலுக்குப் போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான். எத்தியோப்பியாவிலிருந்து ஆட்கள் மதுரைக்கு வந்து கல்லூரிகளுக்கு வாத்தியார் எடுக்கிறார்கள் என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன். கொடி வெட்டும் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "போகணும்னு தோணுச்சுன்னா போயிட்டு வா டீச்சரு. பந்தல் எங்க ஓடிரப் போகுது" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு.

அடிஸ் அபாபாவிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய மலை ஊர் அது. மேகமலையை நாலைந்து மடங்கு பெரிதாக்கி, உயரத்தில் ஒரு டவுனை வைத்துவிட்ட மாதிரி இருக்கும். யூகலிப்டஸ் விறகுப் புகை ஊர் முழுக்க நீலமாகத் தாழ்ந்து கிடக்கும். மதியம் மூன்று மணிக்கு மழை வந்து தகரக்கூரைமேல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. முதல் ஆறு மாதம் நான் நிஜமாகவே அழுதேன். அதை மறைக்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அங்கே தினப்படிச் சாப்பாடு இஞ்சிரா. மூன்று நாள் புளித்த தோசை மாவைக் குடை அளவு அகலமாக ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த மாதிரி இருக்கும். அதைப் பிய்த்து வாயில் வைக்கும்போதெல்லாம் நம் வீட்டுத் தட்டு ஞாபகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் ஆபீசில் வரிசையில் நின்று உன்னிடம் பேசிவிட்டு, திரும்பும் வழியெல்லாம் குடைக்குள் அழுதுகொண்டே நடப்பேன். உனக்குத் தெரிந்த அம்மா அந்த ஆறு மாதத்து அம்மா. அவள் பொய் இல்லை. அவளோடு கதை முடிந்துவிடவில்லை, அதுதான் விஷயம்.

நான் குடியிருந்தது அல்மாஸ் என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்துபோய் நெடுநாள். ஒரே மகள் ஹிருத், கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்; அல்மாஸுக்கு வராது. மகள் மொழிபெயர்த்ததையும், பிறகு நானே அரைகுறையாக விளங்கிக்கொண்டதையும் நம்மூர்ப் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அல்மாஸின் குரல் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். தினமும் சாயந்திரம் அவள் தரையில் பச்சைப் புல்லைத் தூவி, அடுப்பு மூட்டி, பச்சைக் காப்பிக்கொட்டையைச் சட்டியில் வறுப்பாள். வறுபட்டதும் சட்டியைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் காட்டுவாள். புகையைக் கையால் அள்ளி மூக்குக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்று சுற்றுக் குடித்த பிறகுதான் எழுந்திருக்கலாம். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தால் "அய்ஸோஷ்" என்பாள். திடமாக இரு பெண்ணே, நான் இருக்கிறேன் என்கிற அவ்வளவும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். நம்மிடம் அதற்கு ஈடாக ஒரு சொல் இருக்கிறதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த ஆல்பம் வந்தது நான் போய்ச் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனபோது. அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பரில். மழைக்காலம் முடிந்து மலை முழுக்க மஞ்சள் பூ பூக்கும் நேரம். நமக்குத் தீபாவளிக்குப் படம் வருவது மாதிரி அவர்களுக்குப் புத்தாண்டுக்குப் பாட்டு ஆல்பம் வரும். அந்த வருடம் வந்தது, சின்ன வயதிலேயே தாயோடு அமெரிக்கா போய் அங்கேயே வளர்ந்த ஒரு பெண் பாடியது. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் தப்பாக எழுதுவேன். நடுவில் தொண்டைக்குள் ஒரு சொடுக்கு வரவேண்டும், எனக்கு வரவே இல்லை, ஹிருத் விழுந்து விழுந்து சிரிப்பாள். அட்டையில் அவள் நீலத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் வெள்ளைக் கைத்தறி உடையோடு, கண்ணாடிக் கட்டிடங்கள் நிறைந்த ஒரு தெருவில் நின்றிருப்பாள். நாங்கள் அவளை நீலத்துணிக்காரி என்றே சொல்லிக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் ஊரே அவள் குரலாக ஆகிவிட்டது. மினிபஸ்ஸில் அவள், முடிவெட்டும் கடையில் அவள், கல்லூரி கேன்டீனில் அவள். மடியில் வைத்து மீட்டுகிற ஒரு சின்ன யாழ் அவர்களிடம் உண்டு. ஒற்றை நரம்பில் வில் போட்டு இழைக்கிற வாத்தியமும் உண்டு. அவை இரண்டும் பாட்டின் அடியில் மெள்ள ஓடும். அதற்குமேல் சாக்ஸபோன், கீபோர்டு, இயந்திரத்தில் தட்டுகிற தாளம். பாட்டு அவர்கள் மொழியில் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் "நாட் யெட், நாட் யெட்" என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்து போகும். ஹிருத் முதலில் அதைப் போட்ட சாயந்திரம் நான் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை விட்டு, இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு. யாழ் ஐந்தே ஸ்வரத்தில் ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த மோகனம், சரவணா. அச்சு அசல் அதுவே. கடல் தாண்டி, மலை ஏறி, எனக்கு முன்னால் அது அங்கே போய் உட்கார்ந்திருந்தது. புகையும் மழையும் அந்தக் குரலும் ஒன்றாகி, நான் எங்கே இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. கண்ணீர் தானாக வழிந்தது.

ஹிருத் வரிகளைச் சொன்னாள். ஒருத்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். மழையில் ஆறு நிறைந்துவிட்டது. இந்தக் கரையிலிருந்து வீட்டுக்காரன் கூப்பிடுகிறான். ஆறு இன்னும் வடியவில்லை, வடிந்ததும் வருகிறேன், வடிந்ததும் வருகிறேன் என்று அவள் பாடுகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன்னிடம் போனில் சொன்னேன்: இங்கே ஒரு பாட்டு வந்திருக்கிறது, ஊருக்குத் திரும்பமுடியாத பெண்ணின் பாட்டு, கேட்டுக் கேட்டு அழுகிறேன் என்று. நீ "சாப்புட்டியாம்மா?" என்று கேட்டாய்.

ஆனால் அல்மாஸுக்கு அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. மகள் அதைப் போடும்போதெல்லாம் சட்டியை ஓசைப்படுத்துவாள். ஒரு நாள் சாயந்திரம், மூன்றாவது பாட்டு ஓடும்போது என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, அகப்பையைக் கீழே வைத்தாள். "இந்தப் பாட்டுக்கு எதுக்கு நீ அழுவுற? இது சிரிக்கிற பாட்டு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஹிருத் தாயைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அல்மாஸ் கேட்கவில்லை. "எங்க ஊருல பொம்பளைங்க மாவு இடிக்கையில பாடுறது இது. எங்கம்மா பாடியிருக்கா, நானும் பாடியிருக்கேன். பாட்டுல வர்றவ அக்கா வீட்டுக்குப் போனா. மழை வந்துச்சு. ஆறு ரெண்டு நாளு நெறைஞ்சு ஓடுச்சு, மூணாம் நாளு வடிஞ்சிருச்சு. கணுக்காலு அளவுதான் தண்ணி. அந்த மனுசன் அக்கரையில நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கான். இவ அக்கா வீட்டு வாசல்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு, ஆறு இன்னும் வடியலையேங்கிறா. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. மொதலைங்கிறா, வழுக்குதுங்கிறா, செருப்பு அந்துபோச்சுங்கிறா. ஒலக்கை போடுற பொம்பளைக ஆளுக்கொரு சாக்கச் சேத்துக்கிட்டே போவாக. அம்புட்டையும் வெட்டிட்டு, பியானோவப் போட்டு, ஒப்பாரி ஆக்கி வச்சிருக்கா அமெரிக்காக்காரி."

சொல்லிவிட்டுத் தானே கையைத் தட்டிப் பாடிக் காட்டினாள். அதே மோகனம்தான், ஆனால் துள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு சாக்குக்கும் தோளை மட்டும் குலுக்கினாள். அந்த ஊர் ஆட்டம் முழுக்கத் தோளில்தான். ஹிருத் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ சொல்ற பாட்ட உன் ஊரு ஆறு தெரிஞ்சவங்கதான் கேப்பாங்க. இவ பாடினத உலகமே கேக்குது. அதுவும் போக, பன்னெண்டு வயசுல கூட்டிட்டுப் போன பிள்ளைம்மா அவ. அவளுக்கு ஆறு நெஜமாவே வடியல. அவ அழாம எப்படிப் பாடுவா?" என்றாள். அல்மாஸ் காப்பியை ஊற்றினாள். ஆனால் அன்றைக்கு அதற்குப் பிறகு சட்டி ஓசைப்படவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரும் காப்பி குடிக்கிற பெண்ணும் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்துவிட்டேன். அல்மாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளிடம் ஏதோ சொன்னாள். ஹிருத் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள்: "நீயும் அக்கா வீட்டுலதான் உக்காந்திருக்கன்னு அம்மா சொல்றாங்க."

ஏனென்றால் ஊரை நினைத்து அழுவது ஆறு மாதத்திலேயே நின்றுவிட்டிருந்தது, சரவணா. நான்தான் அதைக் கவனிக்காமல் இருந்தேன், அல்லது கவனிக்காத மாதிரி இருந்தேன். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வரும். இன்றைக்கு என்ன குழம்பு என்று யாரும் கேட்கமாட்டார்கள். வகுப்பு முடிந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடப்பேன். எதிரே வருகிறவர்கள் நின்று நலமா, குடும்பம் நலமா, மழை நலமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவருக்கும் நான் யார் மகள், யார் பெண்டாட்டி என்று தெரியாது. வேப்பிலைக் கொத்து மாதிரி இருக்கும் அவர்கள் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து, கடைப் பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போவேன். ஒரு கல்யாணத்தில் அந்தத் தோள் ஆட்டம் ஆடினேன். உன் அம்மா! அப்பாவிடம்கூட இதை நேற்றுத்தான் சொன்னேன். உங்கள்மேல் பிரியம் குறைந்துபோய் அல்ல. நாற்பத்தேழு வயதில் எனக்கு என் கூடவே இருக்கக் கிடைத்தது, அதை விட மனசு வரவில்லை. இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு வலிக்கும். என் ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றுதான் உங்கள் இருவரிடமும் சொன்னேன். அது ஒரு வருட ஒப்பந்தம். அந்தப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் கழித்து, இன்னொரு வருடம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எது என்றாலும் அவர்களுக்குச் சம்மதம். அதே மாதம் உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு ஈமெயில் வந்திருந்தது. வேதியியலுக்கு ஆள் வேண்டும், வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று. வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். யோசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு டெலிபோன் ஆபீசுக்குப் போய், "விடமாட்டேங்கிறாங்கய்யா, ரெண்டு வருசம்னு எழுதி வாங்கிட்டாங்க" என்று உன்னிடம் சொன்னேன். குரலில் அழுகை வரவழைக்கக்கூட முயன்றேன். நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்.

நான் கையெழுத்துப் போட்ட அந்த இரண்டாவது வருடத்தில்தான் நம்மூரில் சிக்குன்குனியா வந்தது. அப்பாவுக்குக் கை மூட்டெல்லாம் வீங்கி டம்ளர் பிடிக்கமுடியவில்லை. கொடியை வெட்டிக் கவாத்து செய்ய வரவேண்டிய ஆட்களும் அவரவர் வீட்டில் படுத்துக்கிடந்தார்கள். திராட்சைக்குக் கவாத்து தள்ளிப்போனால் அந்தப் போகமே இல்லை. உன் நண்பனைக் கூட்டிக்கொண்டு நீ வந்தாய். பதினோரு நாள் இரண்டு பேருமாக அண்ணாந்து நின்று பந்தல் முழுக்க வெட்டினீர்கள். இரண்டு பரீட்சை போயிற்று. அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்தாய், ஆனால் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த பெரிய கம்பெனிகள், ஒரு தடவையாவது அரியர் வைத்தவனை உள்ளேயே விடவில்லை. இன்றைக்கு நீ மோட்டார் பம்பு கம்பெனியில் நிற்கிற இடம் அங்கே ஆரம்பித்தது. இதெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு, அப்பாவின் விரல் மடங்காததைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது. "உனக்கு ஏன்மா சொல்லணும்? அங்கன மாட்டிக்கிட்டுக் கெடக்குற, தெரிஞ்சு என்ன செய்வ?" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். மாட்டிக்கொள்ளவில்லை, நானாகத்தான் இருந்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன்.

பெட்டியில் ஹிருத் கொடுத்தனுப்பிய அந்த சிடி இருந்தது. நீ போட்டுக் கேட்டாய். இதுதானே நீ அழுத பாட்டு, அர்த்தம் என்னம்மா என்று மறுபடி கேட்டாய். ஊர் நினைப்புப் பாட்டு என்றேன். அல்மாஸ் சொன்னதை விட்டுவிட்டேன். மாவு இடிக்கும் பெண்களை, அறுந்த செருப்பை, காப்பியை எல்லாம் வெட்டிவிட்டு உன் கையில் கொடுத்தேன். நீலத்துணிக்காரியாவது அவளுக்கு நிஜமாக வடியாத ஒரு ஆற்றுக்காக அப்படிச் செய்தாள். நான் உன்னிடமிருந்து ஒளிவதற்காகச் செய்தேன். நீ அதை போனில் ஏற்றி, நான் கூப்பிட்டால் அந்தப் பாட்டு ஒலிக்கும்படி வைத்துக்கொண்டாய். மூன்று வருடமாக, நான் உன்னைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய் உன் சட்டைப்பையில் பாடிக்கொண்டிருக்கிறது. அதையே எடுத்துக் கயலைத் தடுக்கச் சொல்கிறாய். என்னால் முடியாது.

அவள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவள் இல்லாத நாளில் உனக்குக் காய்ச்சல் வரலாம். அவளுக்கு அங்கே ரொம்பப் பிடித்துப்போகலாம். கொஞ்ச நாள் கூட இருக்கிறேன் என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படு, சண்டை போடு, அதெல்லாம் நடக்கட்டும். ஆனால் போகப் பிடித்திருக்கிறது என்பதை அவள் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி வைத்துக்கொள். வாழைக்காகப் போகிறேன், வேலைக்காகப் போகிறேன், வேறு வழியில்லாமல் போகிறேன் என்று அவளைச் சொல்லவைத்துவிடாதே. ஒரு வீட்டில் பெண்ணுக்கு ஆசை என்ற காரணம் செல்லாது என்று ஆகிவிட்டால் அவள் வேறு காரணம் தயாரிக்கக் கற்றுக்கொள்வாள். உன் அப்பா என்னிடம் அப்படி நடந்துகொண்டதே இல்லை. போகணும்னு தோணுச்சுன்னா போ என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் நான் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தேன், எங்கேயிருந்து என்று தெரியவில்லை. கயல் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவள் என்னைக் கேட்ட கேள்வியிலேயே அது தெரிந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பதினோரு நாளுக்கும், இரண்டு பரீட்சைக்கும், அதற்குப் பிறகு நீ எனக்குச் சொன்ன ஆறுதலுக்கும். நீ என்மேல் கோபமாக இருக்கலாம். நாள் ஆகட்டும். அந்தக் கோபத்தை என்மேலேயே வை, கயல் பக்கம் திருப்பாதே. அங்கே நான் சந்தோஷமாக இருந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அப்பாவிடம் நேற்றுக் காலையில் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்வதுதான் நியாயம். கவாத்துக் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுக்கக் கேட்டார்கள். "ஒரு வருசத்துக்குத்தான் எழுதி வாங்குனாகளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள். ஆமாம் என்றேன். எழுந்து பந்தலுக்குப் போய்விட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் தூக்குவாளியில் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்குச் சாயந்திரம் இந்தத் தாள்களை அவர்கள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார்கள். தோள் ஆட்டம் வந்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடைசித் தாளைப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்கள். விரல் சரியாக மடங்காததால் எழுத்துக் கோணலாக இருக்கும். இதற்குக் கீழே இருப்பது அவர்கள் எழுதியது.

அம்மா

தம்பி, அம்மா எழுதுனது பூராம் வாசிச்சேன். எனக்கும் இது புதுசுதான். கோவம் இருக்கு, போகும். கயலு என்னைக்கு பிளேன் ஏறுதுன்னு எனக்குச் சொல்லு, மெட்ராஸ் வரைக்கும் நாம எல்லாரும் சேந்து போயி ஏத்திவிட்டு வருவோம். அம்மா கெளம்புன அன்னைக்கு நான் மதுரைக்குக்கூட வரல. பந்தலுக்கு மருந்தடிக்கணும்னு சொல்லிட்டேன். அன்னைக்கு மருந்தடிப்பு ஒண்ணும் இல்ல.